உருண்டை மூக்குத் தோட்டா

கணவர் இறந்த பிறகான துக்கக் காலம், இத்தா, முடிந்து உம்மு சல்மா பேக்கரிக்கு வந்து உட்கார்ந்த முதல் வாரமே, கட்டடத்துக்காரர் ஃபவாஸ் கல்லாவுக்கு எதிரே வந்து நின்றார். துக்கம் விசாரித்தார். கௌஸ் முகம்மதைப் போல ஒரு மனிதரை இந்த வளைகுடா ஊரில், குதைபியா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்றார். இரண்டு முட்டை பப்ஸ் சாப்பிட்டார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். பக்கத்து மொபைல் கடைக்காரன் சாகிர் இந்த இடத்தையும் சேர்த்துக் கேட்கிறான். பேக்கரியின் வாடகை ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. யாருக்குக் கொடுப்பது என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

"அது கிடக்கட்டும். உன் புருஷன் எனக்கு ஒரு கேக் செஞ்சு தர்றதாச் சொன்னான், தெரியுமா?"

அவருடைய இந்தியும் சல்மாவின் இந்தியும் ஒன்றையொன்று கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டுதான் நடந்தன. ஆனாலும் இது நன்றாகவே புரிந்தது. அந்த வாரம் முழுக்க இதே கதைதான். ஒருவருக்குச் சர்க்கரை போடாத அல்வா, ஈசா டவுன் டீச்சர் ஒருவருக்கு முட்டை இல்லாத முட்டை பப்ஸ் என்று, மனிதர் எல்லாருக்கும் தலையாட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஃபவாஸ் ராணுவத்தில் கைத்துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் பழைய சகாக்கள் கூடுகிறார்கள். கேக்கின் மேல் சாக்லேட் தோட்டாக்களை அடுக்க வேண்டும். சாவிக்கொத்திலிருந்து மருந்தில்லாத பழைய தோட்டா ஒன்றைக் கழற்றிக் கல்லாமேல் வைத்தார். கீழே பருத்து, தோளில் சட்டென்று ஒடுங்கி, சோடா பாட்டில் போலக் கழுத்து. அந்தக் கழுத்தில் சின்னதாக ஒரு குண்டு.

"மத்த தோட்டாவெல்லாம் வெறும் குழாய். இது இளவரசி. தோளைப் பாரு, கழுத்தைப் பாரு! கேக் இப்படியே வரணும். வந்தப்புறம் கடையைப் பத்திப் பேசுவோம். கலாஸ், அவ்வளவுதான்."

சல்மா அதை உள்ளே எடுத்துப்போய், மாவு பிசைந்துகொண்டிருந்த ரெங்கராஜிடம் காட்டினாள். அறந்தாங்கிக்காரன். கௌஸ் காலத்திலிருந்தே அடுப்பும் அவன்தான், அலங்காரமும் அவன்தான்.

"ஏங்க்கா, துப்பாக்கி இல்லாமலேயே நம்மளச் சுட்டுப்புட்டுப் போயிட்டாரே கட்டட மொதலாளி அர்பாப்!"

சந்தையில் கிடைத்த பிளாஸ்டிக் அச்சில் முதல் தட்டு வார்த்தார்கள். மறுநாள் ஃபவாஸ் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது லிப்ஸ்டிக்" என்றார். தட்டையும் காலி செய்தார். தோற்றுப்போன தோட்டாவை வெளியே விடக்கூடாதாம்; பயிற்சிக் காலத்துச் சட்டமாம்.

அடுத்து, சாவிக்கொத்துத் தோட்டாவை நடுவில் நிறுத்தி, சமையலுக்கு ஆகும் சிலிக்கோனை ஊற்றி ரெங்கராஜ் சொந்தமாக அச்சு எடுத்தான். உருவம் அச்சு அசலாக வந்தது. ஆனால் உருவும்போது ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் கழுத்தில் முறிந்தன. தப்பியவற்றுக்கும் மூக்கு நசுங்கியிருந்தது; கத்தியால் கூராகச் சீவிப் பார்த்தான், முனை உதிர்ந்தது. கடைசியில் தட்டையாகவே வெட்டிவிட்டான். அது ஒன்றுதான் முழுசாக நின்றது.

ஃபவாஸ் பதறிப்போனார். "தட்டை மூக்கா? என் துப்பாக்கி இதை உள்ளே விடாது, மாட்டிக்கும்! உருண்டை மூக்குதான் வேணும்."

ரெங்கராஜ் சல்மாவிடம் தமிழில் கேட்டான். "யாருக்கா இதைத் துப்பாக்கியில போடப் போறா? வாயிலதானே போடப்போறாய்ங்க? வாயில என்ன மாட்டப்போவுது?"

"என்ன சொல்றான்?" என்றார் ஃபவாஸ்.

"உருண்டைதான் அழகுங்கிறான்" என்றாள் சல்மா.

அவருக்கு மனம் குளிர்ந்தது. முறிந்து கிடந்த கழுத்துகளைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "ஒண்ணா வார்த்தா எப்படி வரும்? கூடு தனி, குண்டு தனி. ஈயத்துல குண்டை மட்டும் வார்த்து, அப்புறம் கூட்டோட வாயில வெச்சு அழுத்துவாங்க. இதுகூடத் தெரியாதா?"

தெரியாதுதான். கூட்டுக்கு ஒரு அச்சு, குண்டுக்கு ஒரு அச்சு என்று இரண்டாகப் பிரித்தார்கள். கூடு பால் சாக்லேட்; மேலே தின்கிற தங்கப்பொடி. ஈயத்துக்குக் கறுப்புச் சாக்லேட். இப்போது வேறு வம்பு வந்தது. குண்டு கொஞ்சம் பெரிதானால் கழுத்து பிளந்தது. சிறிதானால் உள்ளே விழுந்து, ஆட்டினால் கிலுகிலுத்தது. ஃபவாஸ் வீட்டிலிருந்து அளவுகோல் கொண்டுவந்தார், தோப் அங்கியின் கையை முட்டி வரை சுருட்டிவிட்டார், பேக்கரித் தொப்பியை மாட்டிக்கொண்டு மேடை முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஏ.சி.யைக் குறைத்தால் சாக்லேட் வியர்த்தது, கூட்டினால் ரெங்கராஜுக்குத் தும்மல் வந்தது. "யல்லா, மூச்சை அடக்கு! மூச்சு விடும்போதா சுடுவாங்க?" என்று அவனை அதட்டினார். வியாழன் மாலை, கேக்கின் மேல் தோட்டாக்கள் தோளோடும் கழுத்தோடும் வரிசையாக நின்றன. ஃபவாஸ் ஒரு சல்யூட் அடித்துவிட்டு, கேக்கை மடியில் வைத்துக்கொண்டு காரில் போனார். கடையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சனிக்கிழமை அவர் வரவில்லை. சாகிர்தான் வந்தான். இஞ்ச் டேப்பை நீட்டி, பிஸ்கட் அலமாரி இருந்த சுவரை அளந்தான். "தப்பா நினைக்காதீங்க பாபி, கண்ணாடி ஷோகேஸுக்கு முன்கூட்டியே சொல்லணும்" என்றான். ராணுவக்காரர் ஒருவர் தொப்பியும் மீசையில் தங்கப்பொடியுமாக உட்கார்ந்திருந்த கோலத்தை இன்று ராத்திரி கணவரிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று, அவர் இல்லை என்பதையே மறந்து நினைத்துக்கொண்டிருந்த சல்மா, அந்த நினைப்பை அப்படியே கல்லாவுக்குள் போட்டு மூடுவதுபோல இழுப்பறையைத் தள்ளிச் சாத்தினாள்.

ஞாயிறு காலையும் சாகிர் டேப்போடு நின்றிருந்தான். அப்போது கதவை இடித்துத் திறந்துகொண்டு ஃபவாஸ் நுழைந்தார். முகம் சிவந்திருந்தது.

"சண்டை! என் வீட்டிலேயே சண்டை! உருண்டை மூக்கு குறிபார்க்கிற காகிதத்தைக் கிழிக்குமாம், தட்டை மூக்குதான் துளையைச் சுத்தமா வெட்டுமாம். பாதிப் பேர் அந்தப் பக்கம் போயிட்டானுங்க. அடுத்த மாசம் பிரிகேடியர் வீட்டில் கூடறோம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு முடிவு பண்ணணும். தட்டை மூக்குக்கு இன்னைக்கே அச்சு எடு!"

"அடுத்த மாசமா? முடியாதே" என்றாள் சல்மா.

உள்ளே ரெங்கராஜின் கரண்டி நின்றது.

"ஏன் முடியாது?"

"அடுத்த மாசம் இங்கே ஷோகேஸ் வருதாம். அவர்கிட்டக் கேளுங்க."

ஃபவாஸ் அப்போதுதான் சாகிரைப் பார்த்தார். மேலும் கீழும் பார்த்தார். சாவிக்கொத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதுக்குத் தோள் எங்கே இருக்கு, சொல்லு."

சாகிர் தோட்டாவைப் பார்த்தான், ஃபவாஸைப் பார்த்தான், கடைசியில் தன் தோளையே தொட்டுக் காட்டினான்.

"டேப்பைச் சுருட்டு" என்றார் ஃபவாஸ்.

அவன் போனதும் அவர் பேக்கரித் தொப்பியைத் தேடினார். சல்மா அதைக் கொடுக்கவில்லை. "ஒப்பந்தத்தை எழுதிக் கொண்டுவாங்க, நாளைக்கே அச்சு எடுப்போம்" என்றாள்.

"நாளைக்கா? நாளைக்குள்ள பிரிகேடியர் வேற பேக்கரியைப் பிடிச்சிருவான்!" என்று சொல்லி, செருப்புக்குள் கால் சரியாக நுழைவதற்கு முன்பே ஃபவாஸ் ஒப்பந்தத் தாளை எடுத்துவர வீட்டைப் பார்த்து ஓடினார்.