பொன்னுத்துரைக்கு அடித்த மணி

உபதேசியார் அருமைநாயகம் உயிரோடு இருந்த மனிதனுக்குச் சாவு மணி அடித்துவிட்டார். அவசரப் புத்திக்குப் பட்டம் கொடுப்பதென்றால் சுரண்டை வட்டாரத்தில் வேறு ஆளைத் தேட வேண்டியதில்லை.

சாரல் பிடித்துக்கொண்ட காலை அது. சர்ச் வாசலில் பல் துலக்கிக்கொண்டு நின்றவர், எதிரே பொன்னுத்துரை வீட்டு முன்னால் பிணம் வைக்கிற ஐஸ் பெட்டி ஏற்றிய வேன் நிற்பதைப் பார்த்தார். குற்றாலத்துக்கு சீசன் ஆட்களை வேனில் ஏற்றிப் போய்க்கொண்டிருந்த பொன்னுத்துரை, பக்கவாதம் வந்து படுத்துப் பல மாதம் ஆகிறது. போதாதா? வாயில் நுரையோடு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார். விட்டு விட்டு, ஒற்றை ஒற்றையாக, முறை தவறாமல் அடித்தார். வேன்காரர் ஆய்க்குடிக்கு வழி கேட்கத்தான் அங்கே நிறுத்தியிருந்தார்.

சபையார் மாலையோடு வந்து கூடிவிட்டார்கள். பொன்னுத்துரையின் மனைவி முத்துச்செல்வி கஞ்சிப் பாத்திரத்தோடு வெளியே வந்து, என்ன இத்தனை கூட்டம் என்று கேட்டாள். அப்புறம் ஒரே சிரிப்பு. அதிகம் சிரித்தவர் உபதேசியார்தான். மணி அடித்தே மனிதனை எழுப்பியவன் இந்தச் சேகரத்துச் சபைகளிலேயே தான் ஒருவன்தான் என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலும் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. முத்துச்செல்வி வெளியே வருவதற்கு முன், அந்த வீட்டு ஜன்னலோரம் நின்று, வந்தவர்களிடம் குரலைத் தாழ்த்திச் சொல்லியிருந்தார்: "நல்லதாப் போச்சு. இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்? அவளையும் சேத்துல்லா சாகடிச்சாரு."

ஜன்னல் திறந்திருந்தது. உள்பக்கம் அதை ஒட்டித்தான் கட்டில்.

அந்த மாதம் பாஸ்டர் ஐயா நோயாளிகளுக்கு வீட்டிலேயே திருவிருந்து அப்பம் கொடுக்கப் போனபோது, பொன்னுத்துரை வாயை இறுக மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். இதுவரை ஒரு மாதம் கூடத் தவறவிடாதவர். ஏன் என்று ஐயா கேட்டதற்கு, பல்வலியாக இருக்கும் என்றார் உபதேசியார். சொல்லும்போதே தன் பல்லைத் தட்ட வேண்டும் போலிருந்தது.

அதன்பிறகு உபதேசியாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குற்றாலம் போய் மங்குஸ்தான் வாங்கி வந்து கொடுத்தார். சர்ச் குழாய் ஸ்பீக்கரை அந்த வீட்டுப் பக்கம் திருப்பிக் கட்டி, மனிதனில் இருக்கிற தேவசாயலைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஆண்டவர் நம்மை வேலைக்கு ஆள் எடுக்கவில்லை, பிள்ளையாகப் பெற்றார். தொட்டிலில் கிடக்கிற பிள்ளையிடம் போய், நீ என்ன வேலைக்கு லாயக்கு என்று கேட்கிற தகப்பன் உண்டா என்றார். கேட்பவனுக்கு முதலில் கிடைக்கிற பதில் மடியில் ஈரம்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். சபை குலுங்கிச் சிரித்தது. எதிர்வீட்டு ஜன்னல் அன்று சாத்தியிருந்தது.

மணி அடித்த அன்றைக்கு ஜன்னலோரம் பேசியது பொன்னுத்துரைக்குக் காதில் விழுந்ததா என்று முத்துச்செல்வியிடம் கேட்டுப் பார்த்தார். பழம் நல்ல இனிப்பு என்றாள். மறுபடி கேட்டதற்கு, இந்த வருஷம் சாரல் பரவாயில்லை என்றாள். அதற்குமேல் கேட்கத் துணிச்சல் இல்லாமல் இவரும் அருவியில் தண்ணீர் விழுவதைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார். மன்னிப்பு என்கிற சொல்லைப் பிரசங்க மேடையில் எத்தனையோ தடவை உருட்டிய வாய்க்கு, கட்டிலருகே அது வரவில்லை.

ஒரு சாயங்காலம் முத்துச்செல்வி பால் வாங்கப் போயிருந்தாள். உபதேசியார் கட்டிலருகே உட்கார்ந்து மங்குஸ்தானை உடைத்து, வெள்ளைச் சுளையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். ஊட்டவும் தயக்கம், கீழே வைக்கவும் மனமில்லை. வேடிக்கையாக ஏதாவது சொல்லித் தொடங்கலாம் என்று பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை.

"அன்னைக்கு ஜன்னல்கிட்ட நின்னு நான் சொன்னது, உமக்குக் கேட்டுச்சா?"

பொன்னுத்துரை முகத்தை அவர் பக்கம் திருப்பினார். கோணிய வாயிலிருந்து சொற்கள் இழுபட்டு வந்தன.

"கேட்டுச்சு வே."

"பிரசங்கத்துல பிள்ளைன்னு சொன்னேனே... அது?"

"அதுவும் கேட்டுச்சு. ஜன்னலைச் சாத்தினாலும் உம்ம ஸ்பீக்கர் விடுமா? ஆனா நீரு எதையும் சிரிக்க வச்சுத்தான் சொல்லுதீரு. ஜன்னல்கிட்ட சொன்ன அந்த ஒண்ணைத்தான் சிரிக்காமச் சொன்னீரு. அதான், அதை நம்பிட்டேன்."