பன்னிரண்டாம் அறையில் மெர்வின்

"மெர்வ், ஓரத்துல இருக்கிற கறுப்புக் காயை ஒரு கட்டம் முன்னாடி தள்ளு!" என்று லார்ன் திரையைப் பார்த்துக் கத்தினார். தொலைவில் இருப்பவனிடம் கத்தித்தான் பேச வேண்டும் என்பது அவர் கணக்கு. திரையில் இருந்த கிழவர் அப்படியே தள்ளினார். இருவர் முன்பும் ஆளுக்கொரு செக்கர்ஸ் பலகை; ஒருவர் சொல்லும் நகர்வை மற்றவர் தன் பலகையிலும் நகர்த்திக்கொள்ள வேண்டும். அண்ணன் எங்கள் முதியோர் இல்லத்தில். தம்பி மெர்வின் ரெஜைனா நகருக்கு அப்பால் வேறொரு இல்லத்தில். பனியில் சாலையை மூடிவிட்டால் கனடாவின் இந்தச் சஸ்காச்சுவன் மாகாணத்தில் அண்ணன் தம்பிக்கு இந்தத் திரைதான். அழைப்பைப் போட்டுக் கொடுப்பது என் வேலை. சேர்ந்தது இந்தக் குளிர்காலத்தில்தான். மெர்வினின் முகம் எனக்குத் தெரியாது.

அப்போது திரைக்குள் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "அப்பா, மாத்திரை போட்டாச்சா?"

கல்யாணமே கட்டாத கட்டை என்று தம்பியை லார்ன் கேலி செய்யாத நாளில்லை.

அந்த இல்லத்துக்குப் போன் செய்தேன். அங்கே டேப்லெட்டைச் சுவரில் திருகி வைத்திருக்கிறார்களாம். எண் அறைக்குத்தான், ஆளுக்கு இல்லை. பன்னிரண்டாம் அறையில் ஆள் மாறியிருக்கிறது. பழைய ஆள் எங்கே என்றேன். குடும்பத்தார் கேட்டால்தான் சொல்வார்களாம். குடும்பத்துக்குச் சொல்லிவிட்டீர்களா என்றேன். அதையும் சொல்லக் கூடாதாம். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். இப்படி மரியாதையாகப் பேசியே ஒரு மனிதனைக் காணாமல் அடிக்கத்தான் எல்லாரும் படித்துவிட்டு வருகிறோமா? நேராக லார்னிடம் போய்ச் சொன்னேன்.

"தெரியும்," என்றார். "மெர்வ் சின்ன வயசுலேருந்தே கள்ளாட்டம் ஆடுவான். இந்த ஆளு ஒரு காயைக்கூட திருடல."

"அப்ப கேளுங்களேன். நீங்க கேட்டா சொல்லுவாங்க."

"அதான் காலேஜ்காரி. கேட்டா சொல்லிடுவாங்கல்ல?"

பிஸ்கட்டைக் காபியில் நனைத்துத் தின்னத் தொடங்கினார். கோபப்படலாம் என்றால் யார்மேல் கோபப்படுவது? அவருக்கு எது நல்லது என்று நான் யார் முடிவு செய்ய? எதுவும் புரியாமல்தான் அடுத்த அழைப்பையும் போட்டுக் கொடுத்தேன். ஆட்டம் பாதியில் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"நீங்க மெர்வின் இல்லதானே?"

கிழவர் கையிலெடுத்த காயை வைக்கவில்லை. "ஹோவர்ட்," என்றார். "நான் இங்க வந்த அன்னிக்கே இது மணியடிச்சுது. 'டேய், எப்படிடா இருக்க'ன்னு ஒரு குரல். என்னை யாரும் அப்படிக் கேட்டு ரொம்ப நாளாச்சும்மா. நல்லாருக்கேன்னுட்டேன்." பிறகு லார்னைப் பார்த்தார். "உங்க தம்பி எங்கன்னு நர்ஸ்கிட்ட கேட்டுட்டு வந்துடறேன். இருங்க."

"வேணாம்பா. ஆட்டத்தை முடி."

அதற்குள் ஹோவர்டின் சக்கர நாற்காலி கதவுப் பக்கம் திரும்பிவிட்டது. திரையில் காலி அறை மட்டும்.

"உன்னை யாரும்மா கேட்டா?" என்றார் லார்ன். என் பக்கம் திரும்பவில்லை.

சிவப்புப் பொத்தான்மேல் என் கட்டைவிரல். அழுத்தினால் அழைப்பு முடிந்துவிடும். அவர் அழுத்தச் சொல்லவுமில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை. திரையில் திறந்திருந்த கதவுக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். பிறகு சக்கரங்களின் கீச்சொலி அறையை நெருங்கியது.

லார்ன் விரலை நீட்டி ஒலியைக் குறைத்தார். குறைத்துக்கொண்டே போனார்.

ஹோவர்ட் திரைக்கு வெகு அருகில் வந்து பேசத் தொடங்கினார். வாய் அசைந்தது. அந்த முகத்திலிருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. லார்ன் கண் இமைக்காமல் பார்த்தபடி, ஒவ்வொரு சொல்லும் கேட்பதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.