அணைக்கக் கூடாத பெட்டி

காட்டாங்குளத்தூர்க் கல்லூரி ஒன்றின் கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சை, மூன்றாவது பிளாக்கின் ஸ்விட்ச் மட்டும் சிவப்பு. அந்தக் கட்டடத்துக் கணினிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்க்கிற பெட்டி அது. அது செத்துவிட்டதாகத் திரை சாதித்தது. ஆனால் அதே பெட்டியை நம்பித்தான் மாடியில் கடைசி வருஷப் பிள்ளைகள் ஆன்லைனில் அரியர் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் நெட் போகவில்லை.

“மதியம் ஆய்வுக் குழு வருது. ஒரு சிவப்பு இருக்கக் கூடாது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடு, ஜோசலின்,” என்றார் நெட்வொர்க் பிரிவுத் தலைவர் அனந்தகிருஷ்ணன். எந்தக் கோளாறுக்கும் அவர் கைவசம் வைத்திருந்த ஒரே மருந்து அதுதான். தலைவலி என்று லீவு கேட்டால் தன்னையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிவிடுவாரோ என்று ஜோசலினுக்குப் பயம்.

“பரீட்சை நடக்குது சார். நடுவுல லைன் கட்டானா பேப்பர் தானா க்ளோஸ் ஆயிடும். அவங்களுக்கு இதுதான் கடைசி சான்ஸ்.”

“ரெண்டு நிமிஷம்தானேம்மா.”

நாவலூரில் வேலை கிடைத்தும், இந்த ஒரு பேப்பரால் சேர முடியாமல் நிற்கிற பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். ஜோசலின் அணைக்காமலே கோளாறைக் கண்டுபிடித்தே தீருவது என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது பிளாக்குக்கு நடந்தாள். அவரும் பின்னாலேயே வந்தார்.

பெட்டியின் முகத்தில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் அணைத்து, துடைத்து, பொட்டு வைத்து, பூஜை முடிந்ததும் மறுபடி போடுவது அந்த ஆபீஸ் வழக்கம். லீவு முடிந்து இன்றுதான் திறந்திருந்தார்கள்.

காலியான ஒரு துளையில் கேபிளைச் செருகி லேப்டாப்பிலிருந்து கூப்பிட்டாள். பெட்டி உடனே பதில் சொன்னது.

“உசுரோடதான் இருக்கு சார். பக்கத்துல இருந்து கேட்டா பேசுது, நம்ம ஆபீஸ்ல இருந்து கேட்டாத்தான் பேசல.”

“பிடிவாதம் பிடிக்காதே.” அவர் கை பவர் சுவிட்சை நோக்கிப் போயிற்று. ஜோசலின் குறுக்கே வந்து நின்றாள். மேலதிகாரியை மறிப்பது அவளுக்கு அதுவே முதல் தடவை.

“தொடாதீங்க சார். கொஞ்சம் பொறுங்க.”

அங்கே நின்றபடியே பெட்டியின் அமைப்பு முழுவதையும் வரி வரியாகப் பார்த்தாள். ஒரு வரி விடுபட்டிருந்தது. கட்டடத்துக்கு வெளியே எந்த வழியாகப் பதில் அனுப்புவது என்று பெட்டிக்குச் சொல்கிற வரி அது. பிள்ளைகளின் கணினிகளுக்கு அவற்றின் வழி தெரியும். பெட்டிக்குத்தான் தன் வழி தெரியவில்லை. அந்த வரியைச் சேர்த்ததும் ஆபீஸில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஜூனியர் எபி போன் செய்தான்.

“அக்கா, பச்சை வந்துடுச்சு.”

அனந்தகிருஷ்ணன் குனிந்து அந்த வரியைப் பார்த்தார். “இதை நான் போன மாசமே போட்டேனே.”

“போட்டீங்க சார். சேவ் பண்ணல. பூஜைக்கு ஆஃப் பண்ணதும் மறந்துடுச்சு.” சொல்லிக்கொண்டே அவள் சேவ் செய்தாள்.

அவர் பவர் சுவிட்சைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப, இப்ப நான் ஆஃப் பண்ணியிருந்தா?”

“பிள்ளைங்க பேப்பர் போயிருக்கும். சிவப்பும் போயிருக்காது.”

அவர் மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து, பவர் சுவிட்சை முதுகால் மறைத்து உட்கார்ந்தார்.

“நீ போய் டீ சாப்பிடும்மா. பசங்க எழுதி முடிச்சு இறங்குற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்.”