திங்கட்கிழமை பத்து மணி

வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரைக்குத் தபால்கார மணியன் வாசலில் சைக்கிள் மணியை அடித்தபோது நீலாவதி மகளுடைய பாவாடைகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் காலையில்தான் மெட்ராஸ் கப்பல் போனது. அதில் புருஷனையும் மகள் ஜெயலட்சுமியையும் ஏற்றி அனுப்பிவிட்டு அந்தமானில் பத்துபஸ்தி வீட்டுக்குத் திரும்பியவளுக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. துவைத்ததையே இன்னொரு தடவை துவைத்தால் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது.

"அக்கா, ரிஜிஸ்தர் வந்திருக்கு. கையெழுத்துப் போடுங்க."

"கப்பல் வந்து அஞ்சு நாளாச்சு, இப்பத்தான் கொண்டாரீங்களா?"

"சாதாத் தபால் செவ்வாக்கிழமையே குடுத்தாச்சுக்கா. ரிஜிஸ்தர்னா சும்மாவா? ஒவ்வொண்ணா புக்குல ஏத்தி, நம்பர் போட்டு, அப்புறம்தான் எங்க கைக்கு வரும்."

உறைமேல் அறந்தாங்கி முத்திரை. அனுப்பியவர் அவள் புருஷனின் அண்ணன் சொக்கலிங்கம். பிரித்தால், உள்ளே இன்னொரு பழுப்பு உறை. கூடவே அரைத்தாளில் பெரியவருடைய கோணல் எழுத்து. "தம்பிக்கு ஆசீர்வாதம். ஜெயா பேருக்கு சர்க்கார் கடுதாசி வந்தது. தவறிப்போகக் கூடாது என்று ரிஜிஸ்தர் செய்து அனுப்பியிருக்கிறேன்."

நீலாவதிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. பழுப்பு உறையை மணியனிடம் நீட்டினாள். அவன் எழுத்துக் கூட்டிப் படித்து நிமிர்ந்தான்.

"இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்கக்கா. மெட்ராஸ்ல. வர்ற திங்கக்கிழமை காலைல பத்து மணி. வரலேன்னா சீட்டை அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்களாம்."

அப்படியே ஈரக்கையோடு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அறந்தாங்கி விலாசம் கொடுக்கச் சொன்னதே அவள்தான். டாக்டர் படிப்புக்கு மனுப் போடும்போது ஜெயா இந்த வீட்டு விலாசத்தைத்தான் எழுதப் போனாள். "அடிப் பைத்தியம், இங்க கடுதாசி வந்து சேர்றதுக்குள்ள வேற எவனாவது டாக்டராகி கிளினிக்கே திறந்துருவான். மெயின்லேண்ட் விலாசம் குடு" என்று பேனாவைத் தடுத்தாள் நீலாவதி. பெரியவருக்கும் எழுதிப் போட்டார்கள்: கடுதாசி வந்ததும் எங்களுக்குத் தெரியப்படுத்தவும். அந்த மனுஷன் என்ன செய்வார், பாவம்! தந்தி என்றால் சாவுச் செய்திக்குத்தான் என்று நினைக்கிற ஆள். பத்திரமாகப் போய்ச் சேரட்டும் என்று ரிஜிஸ்தர் பண்ணியிருக்கிறார். சும்மா தபால் பெட்டிக்குள் போட்டிருந்தால் செவ்வாய்க்கிழமையே கைக்கு வந்திருக்கும்.

இரண்டு மாதம் எதிர்பார்த்துவிட்டு, அடுத்த கப்பலுக்கு இன்னும் மூன்று வாரம் ஆகும் என்றதும், "கடுதாசி அண்ணன் வீட்ல வந்து கெடக்கும். நாமளே போய்ப் பாத்துக்குவோம்" என்று மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார் அவள் புருஷன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கப்பல் மெட்ராஸில் நிற்கும். இறங்கி நேரே எழும்பூர் போய் ராத்திரி ரயிலைப் பிடிப்பார்கள். திங்கட்கிழமை காலையில், மெட்ராஸில் ஜெயாவின் பேரைக் கூப்பிடுகிற நேரத்தில், அவள் அறந்தாங்கியில் பெரியப்பா வீட்டு வாசலில் நின்று, "கடுதாசி எங்க பெரியப்பா?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். இதெல்லாம் நீலாவதிக்குக் கண்முன்னால் தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோசனம்? நடுவில் கடல் கிடக்கிறது.

அந்தமான் பிள்ளைகளுக்கென்று வருஷத்துக்கு ஒரே ஒரு இடம். "டாக்டருக்குப் படிக்கப் போறேன்" என்று ஜெயா சொன்னபோது நீலாவதி சிரித்துவிட்டாள். ரோடு ரோலர் டிரைவர் மகளுக்கு வந்த ஆசையைப் பார் என்று கேலிகூடச் செய்தாள். ஜெயா சிரிக்கவில்லை. "சிப்பிகாட் ஊர்ல கண்ணம்மா சித்திக்கு வலி எடுத்தப்ப அவங்க கையைப் பிடிச்சிட்டு இருந்தது நான்தானேம்மா. டாக்டர் ஜீப் வந்தப்ப அந்தக் கை சில்லுனு ஆயிருச்சு" என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் கேலிக்கு வாய் வரவில்லை. தினமும் சாயந்தரம் வீட்டில் இருந்த ஒற்றை நாற்காலியில் நீலாவதி அதிகாரி மாதிரி விறைத்து உட்காருவாள். எதிரில் நின்று ஜெயா இங்கிலீஷில் பொழிந்து தள்ளுவாள். ஒரு சொல்லும் புரியாவிட்டாலும், "தலையைக் குனியாதே, கையைப் பிசையாதே, தொண்டையைத் திறந்து பேசு" என்று அதட்டுவாள். மூச்சு விடாமல் அந்தப் பிள்ளை படித்த படிப்புக்கு இப்படி ஒரு கேடு வரவேண்டுமா?

"துறைமுகத்துக்கு மேல வயர்லெஸ் ஆபீஸ் இருக்குக்கா. கப்பலோட பேசுவாங்க. போய்ப் பாருங்க" என்றான் மணியன். அவ்வளவுதான், சேலையை மாற்றிக்கொண்டு, கதவைப் பூட்டினோமா இல்லையா என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

வயர்லெஸ் ஆபீஸில் நரைத்த மீசையோடு ஒரு வங்காளி பாபு இருந்தார். நீலாவதிக்குத் தெரிந்த இந்தி பஜார் இந்திதான். கடுதாசியை மேஜையில் விரித்து, "மேரா லட்கி. டாக்டர் படாயி. ஜஹாஸ் மே ஹை" என்று, டாக்டருக்குப் படிக்கப்போகிற மகள் கப்பலில் இருப்பதைச் சொல்லி, அது போன திசையைக் கையால் காட்டினாள். பாபு கடுதாசியைப் படித்தார். அவரும் பிள்ளை பெற்றவர்தான் போல, 'த்சொ த்சொ' என்று நாக்கைக் கொட்டினார். சேதி அனுப்பலாம், கப்பலில் மைக் வைத்து ஆளைக் கூப்பிட்டுச் சொல்வார்கள் என்றார். நீலாவதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பாபு ஒரு தாளை இழுத்துப் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தார். "நாம் போலோ, மா. பாசஞ்சர் கா நாம்."

கப்பலில் போகிறவர்களின் பேரைக் கேட்கிறார். அதை அவள் யோசித்துக்கொண்டு வரவில்லை.

கப்பலில் அவர்கள் பேரில் டிக்கெட் இல்லை. கீழ்த்தட்டில், பங்க் கிளாஸில் இடம் கிடைக்காமல் போனதும், புருஷனோடு வேலை பார்க்கும் ஜெகநாதன் தனக்கும் தன் மகள் ருக்குவுக்கும் எடுத்து வைத்திருந்த டிக்கெட்டைக் கொடுத்தார். ருக்கு கல்யாணம் தள்ளிப்போய்விட்டதாம். ஒருத்தர் டிக்கெட்டில் இன்னொருத்தர் போவது தீவில் எல்லாரும் செய்கிறதுதான். யாரும் கேட்பதில்லை. கேட்டால்தான் ஆபத்து. சர்க்கார் உத்தியோகம், பிடித்தால் சஸ்பென்ஷன். "கப்பல் ஏறினதுலேர்ந்து நான் ஜெகநாதன், நீ ருக்கு. யார் கூப்பிட்டாலும் முழிக்கக் கூடாது" என்று புருஷன் மகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை நீலாவதி பக்கத்தில் நின்று கேட்டு, வாய்பொத்திச் சிரித்திருக்கிறாள்.

"ஜெகநாதன்" என்றாள். மகளையும் சேர்த்து, "பேட்டி ருக்கு" என்றாள்.

பாபு கடுதாசியை ஒரு தடவை பார்த்தார். அதில் ஜெயலட்சுமி என்று டைப் அடித்திருந்தது. அவளையும் ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டு உள்ளே போனார். டக்டக்கென்று கருவி தட்டுகிற சத்தம் கேட்டது.

வெளி பெஞ்சில் உட்கார்ந்தாள். முருகா, எப்படியாவது அவங்க காதுல விழணும். விழும். விழுந்தால் அந்த மனுஷன் என்ன செய்வார்? அதை நினைத்ததும்தான் உடம்பு குப்பென்று வியர்த்தது. எண்ணூறு பேர் இருக்கிற கப்பலில் மைக் வைத்து ஜெகநாதனைக் கூப்பிட்டால், நல்ல சேதி சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்றா நினைப்பார்? டிக்கெட் விஷயம் தெரிந்துபோச்சு என்று நினைப்பார். போலீஸ்காரர் எதிரில் வந்தாலே ரோடு ரோலரை ஓரங்கட்டுகிற ஆள். மகள் கையைப் பிடித்து, "மூச்சு விடாதே, படு" என்று போர்வைக்குள் அமுக்குவார். ஜெயாவும் படுத்துக்கொள்வாள். அப்பா சொன்னதைத் தட்டாத பிள்ளை.

ஒரு மணி நேரம் கழித்து பாபு வெளியே வந்தார். முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"தீன் தஃபா புலாயா. கோயி நஹி ஆயா" என்றார். மூன்று தடவை கூப்பிட்டார்களாம். யாரும் வரவில்லையாம்.

நீலாவதி எழுந்து மேஜையருகில் போய் நின்றாள். உண்மையான பேரைச் சொன்னால் புருஷன் வேலை போய்விடலாம். பங்க் கிளாஸ் பட்டியலில் இல்லாத பேர். யார் அது, எப்படி ஏறினான் என்று அங்கேயே பிடித்து வைத்துக் கேட்பார்கள். சொல்லாவிட்டால் மகளின் திங்கட்கிழமை போய்விடும். சொன்னாலும் அவர் எழுந்து வருவாரா? பொய்ப் பேருக்கே பயந்து படுத்த மனுஷன், சொந்தப் பேரைக் கேட்டால் கடலிலேயே குதித்துவிட மாட்டாரா?

யாரிடம் கேட்பது? பாபுவைத் தவிர அங்கே ஒரு ஈ காக்கை இல்லை.

"பாபு" என்றாள். "தூஸ்ரா நாம்." வேறு பேர்.

பாபு நிமிரவில்லை. வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்து, பழைய தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் புதுத் தாளை எடுத்தார். பேனாவை மைக்கூட்டில் தோய்த்துக் காத்திருந்தார்.

கல்யாணமாகி இருபது வருஷத்தில் புருஷன் பேரை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ரேஷன் கடையில்கூட ஜெயாதான் சொல்வாள். பக்கத்து வீட்டு ஆம்பளை பேர் மாதிரி ஜெகநாதன் சுலபமாக வந்துவிட்டது. இது அப்படி வருமா?

"தங்..." என்றாள். சேலைத் தலைப்பை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டாள். "தங்கையா. பேட்டி ஜெயலட்சுமி."

பேனா தாளில் கிறீச்சிட்டது. நீலாவதி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தான் படிக்க முடியாத எழுத்தில் அந்தப் பேர் ஒவ்வொன்றாய் நீளுவதைப் பார்த்தபடி நின்றாள்.