பத்தாம் வகுப்பு 'பி' பிரிவின் மேசைகள்

பங்காரம்மா கணக்கு ஆசிரியையாக அந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தது 1996 ஜூனில். கருமத்தம்பட்டியிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, சுற்றிலும் விசைத்தறிகள் ஓடும் ஊர். முந்தைய வருடம் பத்தாம் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் கணக்கில் தோற்றிருந்தார்கள். வகுப்பறையில் ஆறு பேர் உட்காரும் நீளமான பெஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடந்தன. விசேஷங்களுக்கு யாரும் தூக்கிப்போகாதபடி அவற்றைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள்.

பங்காரம்மா கரும்பலகையில் எழுதுவார். ஐம்பத்திரண்டு பேரும் பார்த்து எழுதுவார்கள். கேள்வி கேட்டால் தறிச் சத்தம் மட்டும் கேட்கும்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், வேப்பமரத்தடியில் நான்கைந்து பேர் வட்டமாகக் குந்தியிருப்பதைப் பார்த்தார். நடுவில் யுஸ்ரா. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பள்ளி திறந்த நாளிலிருந்து வாயே திறக்காத பெண். மண்ணில் குச்சியால் முக்கோணம் போட்டு, அன்று காலை நடத்திய தேற்றத்தை மற்றவர்களுக்குப் புரிய வைத்துக்கொண்டிருந்தாள். தன்னைவிட நன்றாகச் சொல்கிறாள் என்று பங்காரம்மாவுக்குத் தோன்றியது.

"வகுப்புல மட்டும் ஏங்கண்ணு பேச மாட்டேங்கற?"

யுஸ்ரா எழுந்து நின்று தலையைக் குனிந்துகொண்டாள். "அங்க எல்லாத்து முதுகுந்தானுங்க டீச்சர் தெரியுது. யாருகிட்டப் பேசறதுங்க?"

அந்த வார்த்தை பங்காரம்மாவை வீடுவரை துரத்தியது. மறுநாள் காலையிலேயே தலைமையாசிரியர் அழகிரிசாமியின் அறைக்குப் போனார். அந்த அறையின் மூலையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. பீளமேட்டுக் கல்லூரி ஒன்று புதியவை வாங்கியபோது கொடுத்த பழையவை. பூப்போட்ட துணியால் மூடி, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். வந்து ஆறு மாதமாகியும் யாரும் தொட்டதில்லை.

"சார், பெஞ்சை எல்லாம் கழட்டிப்போட்டு சின்ன மேசையா மாத்தலாமுங்க. இந்த ரெண்டு கம்ப்யூட்டரையும் வகுப்புக்கே கொண்டுபோயிரலாமுங்க."

அழகிரிசாமி பதறிப்போனார். "ஏனுங்க டீச்சர், தறித்தூசி பட்டா மெசின் என்னத்துக்கு ஆகறது? பசங்க ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்து உக்காந்தா அரட்டதானுங்க அடிப்பானுக."

"அந்த அரட்டதானுங்க சார் எனக்கு வேணும்."

நான்கு நாள் விடாமல் கேட்டபின் அவர் இறங்கி வந்தார். ஒரே ஒரு வகுப்பு, பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு மட்டும். காலாண்டுத் தேர்வில் முன்னேற்றம் தெரியாவிட்டால் எல்லாம் பழையபடி.

யுஸ்ராவின் அப்பா கலீல் ரஹ்மான் தறிகளுக்கு மரவேலை செய்பவர். பங்காரம்மா காகிதத்தில் வரைந்து காட்டியதை அவர் நெடுநேரம் பார்த்தார். "சதுரமா வேண்டாமுங்க டீச்சர். ஒரு பக்கம் அகலமா, ஒரு பக்கம் ஒடுக்கமா அறுத்துத் தாரேன். ஆறு சேத்தா வட்டமாட்ட வரும். பிரிச்சா வரிசை. பொம்பளப் புள்ளைக கூடத் தூக்கலாம், அத்தன லேசா இருக்கும்." தறி மெஷின் வந்த பெட்டிகளின் பலகையும் பழைய பெஞ்சு மரமும் சேர்ந்து இருபத்தாறு மேசைகளாயின.

முதல் மாதம் அமளி. மேசைகளை வண்டியாகத் தள்ளினார்கள். ஒரு கம்ப்யூட்டர் இரண்டு முறை படுத்துக்கொண்டது. மெல்ல மெல்லத்தான் வழிக்கு வந்தது. ஊரில் எத்தனை தறி, ஒரு நாளில் எத்தனை மீட்டர் துணி என்று வீடுவீடாகப் போய்க் கேட்டு வந்து, கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக ஏற்றி, சராசரி கண்டுபிடித்தார்கள். காது கிழியும்படி சண்டை போட்டார்கள், எல்லாம் கணக்கைப் பற்றி.

ஆனால் காலாண்டு மதிப்பெண் ஏறவில்லை. முன்பு இருந்த அதே இடத்திலேயே நின்றது. அழகிரிசாமி விடைத்தாள் கட்டை மேசையில் வைத்து, "மாசக் கடைசியில மேசையப் பழையபடி வரிசையாப் போட்டுரலாமுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரமே கல்வி அதிகாரி காளிச்சாமி ஆய்வுக்கு வந்து இறங்கினார். கண்டிப்பானவர் என்று பெயர். அழகிரிசாமி வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "டீச்சர், இன்னிக்கு ஒரு நாளைக்கு மேசைய வரிசையாப் போட்டுருங்க. கும்புட்டுக் கேக்கறனுங்க."

பங்காரம்மாவின் கை ஒரு மேசையின் விளிம்பைப் பற்றியது. பிள்ளைகள் அவர் முகத்தையே பார்த்தார்கள். கையை எடுத்துக்கொண்டார். "இருக்கற மாதிரியே இருக்கட்டுமுங்க சார். நானே பதில் சொல்லிக்கறேன்."

காளிச்சாமி உள்ளே வந்து வட்டங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. "வர்ற வழியில வட்டமா ஒரு தண்ணித்தொட்டி பாத்தேன். உள்ள உயரம் ஒன்றரை மீட்டர்னு சொன்னாங்க. எத்தனை லிட்டர் பிடிக்கும்?"

"ஏழாயிரம் லிட்டருங்கய்யா. தொட்டி மேலேயே பெயிண்ட்ல எழுதியிருக்குதுங்க" என்றான் சரவணன்.

"எழுதியிருந்தா சரியா இருக்குமா?"

தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். யுஸ்ரா எழுந்தாள். "உங்க கேள்வில ஒண்ணு கொறையுதுங்கய்யா. உயரம் மட்டும் சொன்னாப் பத்தாதுங்க, அகலம் வேணுமுங்க. நாங்க போயி அளந்துட்டு வரட்டுங்களா?"

அதிகாரி தலையசைத்ததும் வகுப்பு கிளம்பிவிட்டது. நூலும் அடிக்கோலும் எடுத்துக்கொண்டு இரண்டு குழுக்கள் தொட்டியைச் சுற்றின. மற்றவர்கள் மேசைகளைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துச் சேர்த்து, கட்டங்களைத் தயாராக்கினார்கள். திரும்பி வந்து எண்களை ஏற்றியபோது ஒரு குழுவுக்கு 6,785 லிட்டர், இன்னொன்றுக்கு 5,702.

"நீங்க வெளிச்சுத்த அப்படியே எடுத்துப்போட்டீங்க!" என்று யுஸ்ரா சரவணனைப் பார்த்துக் கத்தினாள். "சுவரு பத்து சென்டிமீட்டர் கனம். சுவருக்குள்ளயா தண்ணி நிக்கும்?"

சரவணன் விடவில்லை. எழுந்து போய் மறுபடி விளிம்பை அளந்து பார்த்துவிட்டு வந்தான். "ஆமா, பத்துதான்" என்று சிரித்துக்கொண்டே தன் எண்ணை அழித்தான். வெட்கப்படவே இல்லை. பங்காரம்மா இத்தனை நேரத்தில் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தார்.

காளிச்சாமி ஒரு காலி இடத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டார். "அப்போ ஏழாயிரம்னு எழுதினது?"

"தப்புங்கய்யா!" வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது. அடுத்த வகுப்பு ஆசிரியர் எட்டிப்பார்த்தார்.

காளிச்சாமி வாய்விட்டுச் சிரித்தார். அழகிரிசாமி பக்கம் திரும்பி, "கேள்வி தப்புன்னு என்கிட்டயே சொல்ற புள்ளைய இத்தன வருசத்துல இன்னிக்குத்தாங்க பாக்கறேன். மத்த வகுப்புக்கும் இதே மாதிரி செஞ்சிருங்க" என்றார்.

அழகிரிசாமி பங்காரம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

அந்த வருடப் பொதுத்தேர்வில் 'பி' பிரிவில் ஐம்பத்திரண்டு பேரில் நாற்பத்தெட்டுப் பேர் கணக்கில் தேறினார்கள். முடிவு வந்த அன்று பள்ளி வாசலில் கலீல் ரஹ்மான் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். யுஸ்ராவுக்குத் தொண்ணூற்றாறு. பங்காரம்மாவைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. பிறகு வந்தது, தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தத்தில்.

"டீச்சர், அந்த நாலு மார்க்கு எங்க போச்சுன்னு பேப்பர வாங்கிப் பாக்க முடியுங்களா?"