விழுங்கின பிறகு

அல்பிரட்டைப் போல ஒரு மடையனைக் கற்பிட்டிக் கரை முழுக்கத் தேடினாலும் பிடிக்க முடியாது. தான் காய்ச்சிய பியரைத் தான் ருசி பார்க்காமல், அதோடு போட்டிக்கு நின்றவனிடமே நீட்டி, "எப்பிடி மச்சான்?" என்று கேட்டவன் அவன்.

அவன் லவனைப் போட்டிக்காரனாக நினைக்கவில்லை, அதுதான் விஷயம். இருவரும் சிறு வயதில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, ஒரே முகாமில் ஒரே கோப்பையில் சோறு தின்று வளர்ந்தவர்கள். இப்போது வேலையும் ஒரே இடத்தில். ஜேர்மனியில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்த சாரங்கன் கடற்கரையில் ஒரு ஹோட்டல் போட்டு, அதன் பின்பக்கம் பியரை ஊறவைக்கும் இரண்டு பெரிய இரும்புத் தாங்கிகளோடு ஒரு காய்ச்சும் அறையும் கட்டியிருந்தார். அந்த அறையின் சாவி இந்த இருவரிடமும்தான் இருந்தது.

போன வருடம் மார்கழி பிறக்கும்போது சாரங்கன் ஒரு கதை சொன்னார். ஜேர்மன்காரர் 'பொக்' என்று ஒரு கறுத்த பியர் குடிப்பார்களாம். கனமானது, வெறி கூடினது, பாணைக் கரைத்துக் குடிப்பதுபோல் இருப்பது. "ரெண்டு பேரும் ஆளுக்கொரு தாங்கி காய்ச்சுங்கோ. எது நல்லதோ, அதுதான் இனி இஞ்ச விக்கிற பியர். காய்ச்சினவன்ர பேர் போத்தில்ல வரும். இந்த அறைக்கும் அவன்தான் பெரியாள்."

போத்தலில் பெயர். அல்பிரட்டுக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. அவனுடைய பெயர் அதுவரை அடையாள அட்டையிலும் கோயில் பதிவிலும் தவிர வேறெங்கும் எழுதப்பட்டதில்லை.

இருவருக்கும் ஒரே தானிய மூட்டைகள்தான் கிடைத்தன. அல்பிரட் அதில் ஒரு மூட்டையை பஸ்ஸில் ஏற்றிச் சிலாபத்துக்குக் கொண்டுபோனான். அங்கே மனைவி மக்தலேனாவின் தமையனுக்கு ஒரு பேக்கரி. பாண் சுட்டு முடித்துப் போறணை அடுப்பு ஆறிவரும் நேரத்தில், தானியத்தைத் தட்டுகளில் பரப்பிக் பட்டை உரித்த கறுவாக் கட்டைத் தணலில் கருக வறுத்தான். கிண்டிக் கிண்டிக் கையெல்லாம் கொப்புளம். திரும்பி வந்ததும் லவன் விழுந்து விழுந்து சிரித்தான். "பியர் காய்ச்சப் போறியா, பாண் விக்கப் போறியா?"

ஒன்றாம் தாங்கி அல்பிரட்டுடையது, இரண்டாம் தாங்கி லவனுடையது. இரண்டும் மூன்று மாதம் குளிரில் கிடக்க வேண்டும்.

அதற்கிடையில் தை மாதத்தில் மக்தலேனாவுக்கு வயிற்றில் கட்டி என்று சிலாபம் ஆஸ்பத்திரியில் வெட்டினார்கள். வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்த நாலு மணி நேரமும் அல்பிரட்டுக்கு உயிர் அவன் கையில் இல்லை. அவள் பிழைத்து வந்தால் தவக்காலம் முடியும்வரை குடிவகை ஒரு சொட்டும் நாக்கில் படாது என்று தலவிலக் கோயில் அன்னம்மாளுக்கு நேர்த்தி வைத்தான். அவன் அதைச் சொல்லி அழுதபோது பக்கத்தில் இருந்து தோளைப் பிடித்துக்கொண்டிருந்தவன் லவன். மக்தலேனா பிழைத்து வந்தாள்.

பியர் பக்குவமானது பங்குனி நடுவில், சரியாகத் தவக்காலத்துக்குள். அல்பிரட் தன் தாங்கியிலிருந்து ஒரு கிளாஸ் பிடித்து யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். நடுவில் கறுப்பு, விளிம்பில் மாதுளைச் சிவப்பு. நுரை மண்ணிறத்தில் தடித்து நின்றது. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனான். பாண் கரை, கருகின சீனி, கடைசியில் கறுவாக் கட்டையின் மெல்லிய புகை. வாயில் எச்சில் ஊறி நிறைந்தது.

"குடிச்சுப் பாரன்டா. ஜேர்மனியில சாமிமாரே தவக்காலத்துக்கெண்டு காய்ச்சினது தானே இது," என்றான் லவன்.

"அவங்க அன்னம்மாளுக்கு வாக்குக் குடுக்கேல்ல. நான் குடுத்திட்டன். நீ குடிச்சுச் சொல்லு."

லவன் ஒரு மிடறு குடித்தான். இன்னொரு மிடறு குடித்தான். உதட்டை நக்கினான். கிளாஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

"மச்சான், எப்பிடிச் சொல்லுறது... நனைஞ்ச காட்போட் பெட்டி மாதிரி ஒரு ருசி வருது. காத்துப் பட்டிட்டுது போல."

"மணத்தில ஒண்டும் இல்லையே!"

"மணத்தில வராது. விழுங்கின பிறகுதான் வருது."

காற்றுப் பட்டுப் பழுதான பியரைத் திருத்த முடியாது, ஊற்றத்தான் வேண்டும். இது அல்பிரட்டுக்கும் தெரியும். மூக்கு ஒன்று சொன்னது, லவன் வேறொன்று சொன்னான். அவன் லவனை நம்பினான். அவனே போய்ச் சாரங்கனிடம், "என்ர பழுதாப் போச்சண்ணை," என்று தலைகுனிந்து சொன்னான்.

"நீ பாக்க வேண்டாம், வீட்ட போ. நான் ஊத்துறன்," என்றான் லவன். மறுநாள் அறையெல்லாம் பியர் மணம், ஒன்றாம் தாங்கி வெறுமையாகக் கழுவிக் கிடந்தது. அல்பிரட் அவன் கையைப் பிடித்து நன்றி சொன்னான். நன்றி சொன்னான்!

லவனின் பியரை மதிப்பிடும் நாள் பெரிய வியாழன் என்று முதலில் வைத்திருந்தார்கள். கொழும்பிலிருந்து ருசி பார்க்க வரவேண்டிய ஆளுக்கு வசதிப்படாமல், தவக்காலம் முடிந்து பாஸ்குத் திருநாளுக்குப் பிந்தின செவ்வாய்க்குத் தள்ளினார்கள். செவ்வாயும் அந்த ஆள் வரவில்லை.

"அல்பிரட், உன்ர நேர்த்தி முடிஞ்சுது தானே? வந்து இரு," என்று சாரங்கன் கூப்பிட்டார்.

அல்பிரட் சந்தோஷமாகவே வந்து இருந்தான். நேர்த்தி முடித்து முதல் மிடறு லவனின் பியராக இருப்பதில் அவனுக்கு ஒரு திருப்தி. லவன் மட்டும், "அவனுக்கு ஏன் கரைச்சல், வேற ஆரையும் பாப்பம்," என்று இரண்டு தரம் சொன்னான்.

மேசையில் சாரங்கனுக்கும் அல்பிரட்டுக்கும் ஆளுக்கு இரண்டு கிளாஸ். ஒன்று ஜேர்மனியிலிருந்து வந்த போத்தலில் ஊற்றியது, மற்றது லவனின் தாங்கியிலிருந்து பிடித்தது. எது எதுவென்று சொல்லாமல் ஐம்பதுக்குப் புள்ளி போடவேண்டும். முதல் கிளாஸ் நன்றாக இருந்தது. இனிப்பும் கனமும் அளவாக வந்து, தொண்டையில் சின்னச் சூடு. முப்பத்தொன்பது போட்டான்.

இரண்டாவதை மூக்குக்குக் கொண்டுபோனதும் கை நின்றுவிட்டது.

பாண் கரை. கருகின சீனி. கறுவாப் புகை.

குடித்தான். நாக்கு முழுக்கச் சிலாபத்துப் போறணை. விழுங்கிவிட்டுக் காத்திருந்தான். காட்போட் பெட்டி வரவில்லை. மெல்லிய கசப்பு மட்டும் வந்து இனிப்பைத் துடைத்துவிட்டுப் போனது. லவன் சொன்ன பழுது பொய்யில்லை, அது லவனுடைய தாங்கியில் இருந்த பழுது. தன்னுடையதைக் சாக்கடைக் கானில் ஊற்றிவிட்டு, இதைத் தன் தாங்கிக்கு மாற்றியிருக்கிறான். கொப்புளம் வந்த கை நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரி வாங்கும் நினைவுக்கு வந்தது. அந்த நேர்த்தியையே பிடித்து ஏமாற்றிவிட்டானே!

லவன் சுவரோரம் நின்று தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டாவதுக்கு எவ்வளவு?" சாரங்கன் கேட்டார்.

"நாப்பத்தெட்டு."

"நான் போட்டதும் அதுதான்! ஜேர்மன் போத்திலையே அடிச்சிட்டுது. மிச்ச ரெண்டு புள்ளி ஏன் குறைச்சனி? என்ன பழுது?"

"விழுங்கின பிறகுதான் வருது," என்றான் அல்பிரட்.

லவன் நிமிர்ந்தான். சாரங்கனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அல்பிரட் எழும்பிப் போய்ச் சாமான் அறையிலிருந்து ஒரு பிஸ்கட் ரின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். போறணையில் வறுத்ததில் மிஞ்சிய தானியம் அதற்குள் இருந்தது.

"இதில நாலைச் சப்பிப்போட்டு அதக் குடியுங்கோ அண்ணை. இது என்ர தாங்கிக்குப் போட்டது."

சாரங்கன் சப்பினார், குடித்தார். பிறகு லவனைத் திரும்பிப் பார்த்தார்.

"மச்சான்..." என்றான் லவன். "என்ர பழுதாப் போச்சுடா. எனக்கும் பேர் வேணுமெண்டு..."

"கேட்டிருந்தா ரெண்டு பேரும் சேந்து காய்ச்சினதெண்டு சொல்லியிருப்பன்டா."

அது உண்மை. கேட்டிருந்தால் அந்த மடையன் அப்படித்தான் சொல்லியிருப்பான். லவனுக்கும் அது தெரியும்.

போத்தலில் போட முழுப் பெயரை எழுதித் தரும்படி சாரங்கன் பேனையை நீட்டினார். அல்பிரட் வாங்கி எழுதினான். கிளாஸில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அவன் அதை லவனுக்கு நீட்டவில்லை.