கேட்டு எடுக்கிற ஜீப்

கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் சாலையில் காசியம்மாள் வைத்திருந்த காயலான் கடையில், உடைப்புக்கு வந்து நிற்கும் வண்டியிடம் சொல்லாமல் சாமான் கழற்றியவர்களின் வீட்டிலும் ஏதாவது ஒன்று கழன்றுபோனது. இதில் எங்கள் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. வடக்கனந்தலில் கரும்பு போட்டிருந்த ஒருவர், செத்த டிராக்டர் ஒன்றின் சீட்டைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த வாரத்திலிருந்து அவரால் எதன்மேலும் உட்கார முடியவில்லை. நின்றபடியே சாப்பிட்டார், நின்றபடியே தூங்கினார், நின்றபடியே மகன் கல்யாணத்துக்குத் தாம்பூலம் மாற்றினார். இத்தனைக்கும் அந்தக் கடையின் மரியாதை ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியமில்லை. வண்டிக்கு முன்னால் நின்று, இன்ன சாமான் வேண்டும், இன்ன வண்டிக்குப் போகிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஸ்பேனர் போட்டுக் கழற்ற வேண்டும், உளி வைத்து உடைக்கக் கூடாது. கழற்றிய போல்ட்டை அதே ஓட்டையில் இரண்டு சுற்று முடுக்கி, பானெட்டைச் சாத்திவிட்டு வர வேண்டும். விலையில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் காசியம்மாள் விட்டுவிடுவாள். பானெட் திறந்து கிடந்தால் மட்டும் விடமாட்டாள்.

வெள்ளிமலையில் ஜீப் ஓட்டிய சின்னதுரைக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். திமிர், வேறென்ன. மலைச் சாலையில் ஆள் ஏற்றுவதில் அவனுக்கும் பிச்சைமுத்து என்கிறவனின் ஜீப்புக்கும் வருஷக்கணக்காகப் போட்டி. எண்பத்து நான்கில் பிச்சைமுத்துவின் ஜீப் ஒரு வளைவில் சரிந்து உருண்டது. அவன் உடைந்த கையோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான், வண்டி காசியம்மாளிடம் வந்து சேர்ந்தது. அந்த மாசமே சின்னதுரையின் ஜீப்பில் பிரேக் சிலிண்டர் ஒழுகத் தொடங்க, அதற்குப் பொருந்துவது கடையில் அந்த ஒரு வண்டியில்தான் இருந்தது. "இத்தினி வருசமா எம்பொழப்பக் கெடுத்த வண்டி, இதுக்கு முன்னாடி நான் கையக் கட்டிக்கினு நிக்கணுமா?" என்றான். காசியம்மாள் சாப்பிடப் போன நேரம் பார்த்து உளியை வைத்து அடித்தான். பைப் அறுந்தது. போல்ட்டுகளை முள்ளுக்குள் வீசினான். பானெட்டைத் திறந்தபடி போட்டுவிட்டுக் கிளம்பினான். அன்றைக்குக் கள்ளக்குறிச்சியில் எங்கும் மழையில்லை, அந்த ஜீப்பின் என்ஜின்மேல் மட்டும் பொழுது சாய்கிற வரைக்கும் பெய்தது.

முதலில் அவன் வீட்டுத் தாழ்ப்பாள் போனது. பிறகு கட்டிலின் ஒரு கால், அப்புறம் அடுப்பிலிருந்து சூடு. விறகு எரியும், சோறு வேகாது. எல்லாமே அறுத்து எடுத்த மாதிரி, விளிம்பு பிசிறடித்துப் போயின. அவன் பெண்டாட்டி செவ்வந்தி பக்கத்து வீட்டு அடுப்பில் கஞ்சி காய்ச்சிச் சமாளித்தாள். ஒருநாள் காலையில் மகள் அம்சவள்ளி, ஆறு வயசு, ஆட்டுக்குட்டி துள்ளுவதைப் பார்த்துச் சிரிக்க வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அழுகை வந்தது, பேச்சு வந்தது, சிரிப்பு மட்டும் இல்லை. தொண்டையில் கீறல் விழுந்திருந்தது. "வூட்டுச் சாமான் போச்சு, போவட்டும்னு இருந்தேன். இப்ப கொழந்தைக்கு வந்துட்டுதுய்யா. நீ இன்னாதான் பண்ணித் தொலைச்ச, சொல்லு!" என்று செவ்வந்தி சின்னதுரையின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

சின்னதுரை சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு காசியம்மாளிடம் ஓடினான். "திருப்பிக் குடுத்துடறேன் காசியக்கா" என்றான். "உளி போட்டு அறுத்தத எங்கடா ஒட்டுவ, படுபாவி? அதுகிட்டயே போய்ச் சொல்லு" என்றாள் அவள். அவன் பொருத்திப் பார்த்தான், அறுந்த பைப் சேரவில்லை. அப்போதுதான் அவன் வண்டிக்கு முன்னால் தரையில் விழுந்து, ஊர் முழுக்கப் பிற்பாடு சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன அந்த வார்த்தையைச் சொன்னான்: "எம்பொண்ண வுட்டுடு. இன்னா வேணுமோ எங்கிட்ட எடுத்துக்க. ஒரு வார்த்த கேட்டுட்டு எடு, அது போதும்." பானெட் தானாகச் சாத்திக்கொண்டது. அவன் வீடு திரும்பியபோது அம்சவள்ளி தெருவில் சிரித்துக்கொண்டிருந்தாள். காசியம்மாள் மட்டும், இவன் பேரம் பேசத் தெரியாதவன் என்று முணுமுணுத்தாளாம்.

அதற்குப் பிறகு ஜீப் கேட்காமல் எதையும் எடுக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ, பாட்டரி இல்லாத அந்த வண்டியின் ஹாரன் வெள்ளிமலையில் அவன் வாசலில் கேட்கும். அவன் எழுந்துபோய் நிற்பான். என்ன வேண்டும், எந்த வண்டிக்குப் போகிறது என்பது அவனுக்கு மட்டும் விளங்கும். குறட்டை ஒரு நெல் லாரிக்குப் போனது. வலது முழங்காலின் மடக்கு சங்கராபுரம் பஸ்ஸுக்குப் போனது, அதோடு அவன் ஜீப் ஓட்டுவதை விட்டான். மூக்கு வாசம், அவன் அம்மாவின் முகம், கனவுகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. ஒரு பிசிறு கிடையாது. எடுத்த பிறகு கதவு சாத்தியிருக்கும், அவிழ்ந்த வேட்டி மடித்து வைத்திருக்கும். சாமை அறுக்கிற பெண்கள் தங்கள் புருஷன்மாரிடம், அந்த ஜீப்பைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள்.

அம்சவள்ளி வளர்ந்து, வெள்ளிமலையிலேயே வாக்கப்பட்டு, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு வந்தாள். மாலையில் வலி எடுத்தது. புருஷன் அவளை ஒரு ஜீப்பில் ஏற்றிக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். செவ்வந்தி விளக்கேற்றும்போது வாசலில் ஹாரன் கேட்டது. சின்னதுரை காலை இழுத்துக்கொண்டு போய் நின்றான். திரும்பி வந்து, "எறக்கத்துல பொண்ணு போற ஜீப்புக்கு பிரேக் போய்டுச்சாம். அதுக்குப் போடணுமாம்" என்றான். இன்னா கேக்குது என்றாள் அவள். அவன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். செவ்வந்தி வாசலுக்கு ஓடி, வெறும் இருட்டைப் பார்த்து, "அடப்பாவி, பிரேக்க எடுத்ததே நீதானடா!" என்று கத்தினாள். அந்தக் கேள்வியை வேறு யாரும் ஜீப்பிடம் கேட்டதில்லை, நாங்களும் இதுவரை கேட்கவில்லை.

"எடுத்துக்க" என்று சின்னதுரை உள்ளேயிருந்து சொன்னான்.

கீழே வளைவில், பாறைக்கு ஒரு முழம் முன்னால், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல ஜீப் நின்றது. விடியுமுன் பெண் குழந்தை பிறந்தது. வெள்ளிமலையில் செவ்வந்தி உள்ளே போனபோது அவனைக் கட்டிலில் நேராகப் படுக்க வைத்திருந்தது. கைகள் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. கண்களும் ஏற்கெனவே மூடப்பட்டிருந்தன. அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு வாசலுக்கு வந்து, அதே இருட்டைப் பார்த்து, "குடிக்கத் தண்ணி வேணுமா?" என்று கேட்டாள், அவ்வளவு தூரம் வந்து போகிறவர்களிடம் கேட்பது வழக்கம் என்பதால்.